கோபுரம் கட்டச் சொல்லிப் பஞ்சு மூட்டையைக் கொடுக்கலாமா?



ஆங்கிலப் பாடத்தைப் பற்றித் தமிழாசிரியனுக்கு என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். பேசித்தான் ஆகவேண்டியிருக்கிறது. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொல்வளம் என்ற பெயரில் ஒன்றை ஊட்டி வருகிறார்கள். அது பிள்ளைகளின் ஆங்கிலத்தைக் கெடுப்பதோடு நில்லாமல், எம்மொழியையும் கூர்ந்து நோக்கும் பழக்கத்தையே கெடுக்கிறது. ஆகவே இது என் வகுப்பறைக்குள்ளும் வந்துவிட்ட சிக்கல்.

கடைகளில் குவிந்து கிடக்கும் ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி நூல்களில் ஏதேனும் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். ஒரே பொருள் தரும் சொற்கள் என்று பக்கம் பக்கமாகப் பட்டியல் இருக்கும். உயரத்தைக் குறிக்கும் ‘டால்’ என்ற சொல்லுக்கு நேரே ‘ஹை’, ‘லோஃப்டி’, ‘டவரிங்’, ‘எலிவேட்டட்’. கட்டடத்தைக் குறிக்கும் ‘பில்டிங்’ என்பதற்கு நேரே ‘டவர்’, ‘எடிஃபிஸ்’, ‘மேன்ஷன்’, ‘ஸ்கைஸ்கிரேப்பர்’. மேலே போவதற்கு ‘ரைஸ்’, ‘மவுண்ட்’, ‘அசெண்ட்’, ‘சோர்’, ‘எஸ்கலேட்’. அவ்வளவுதான். எந்தச் சொல் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று ஒரு வரி விளக்கமும் இராது. “எளிய சொல்லை நீக்கு, இவற்றுள் ஒன்றைப் போடு, புள்ளி கிடைக்கும்” என்பதே அந்நூல்களின் வேதம். பிள்ளைகளும் மனனம் செய்கிறார்கள். பெற்றோர்களும் பெருமையோடு ஒப்பிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள்.

விளைவு என்ன? தன் அண்ணன் நெட்டையானவன் என்று சொல்ல வந்த பிள்ளை அவனை ‘லோஃப்டி’ என்று எழுதுகிறது. மனிதரைச் சுட்டி அச்சொல் வந்தால், பிறரைத் தாழ்வாக நோக்கும் செருக்கு என்றே ஆங்கிலேயன் பொருள் கொள்வான். ‘எலிவேட்டட்’ என்று எழுதிய பிள்ளையோ அண்ணனைத் தூண்களின்மீது தூக்கி நிறுத்திவிடுகிறது, அம்பாங் - கோலாலம்பூர் உயர்மட்ட நெடுஞ்சாலையைப் போல! பூனை கூரைமீது ஏறியது என்பதற்கு ‘அசெண்ட்’ போட்டால், பூனை கூரையில் அரியணை ஏறிற்று என்று தமிழில் எழுதியதற்கு ஒப்பாகும். தமிழில் ஒரு மாணவன் அப்படி எழுதினால் நாம் சிரித்துவிட்டுத் திருத்துகிறோம். ஆங்கிலத்தில் எழுதினால் மட்டும் பக்கத்தில் சரிக்குறி விழுகிறது.

இச்சொற்களுக்கு நம் நாட்டிலும் சிங்கையிலும் ஒரு செல்லப்பெயர் உண்டு. ‘பொம்பாஸ்டிக்’ சொற்கள்! ‘நூறு பொம்பாஸ்டிக் சொற்கள்’ என்பது போன்ற தலைப்புகளை யாவரும் பார்த்திருப்போம். அப்பெயரின் வரலாற்றை அறிந்தவர் அதைப் பாராட்டாகச் சொல்ல மாட்டார். ‘பொம்பாஸ்ட்’ என்பது தொடக்கத்தில் பஞ்சு. ஆடை பருத்துத் தோன்றும்படி உள்ளே திணிக்கப்பட்ட பஞ்சு. அதிலிருந்து, உள்ளே ஒன்றுமில்லாமல் வெளியே ஊதிப் பெருத்த பேச்சைக் குறிக்கும் வசைச்சொல்லாக அது மாறியது. ஆங்கிலேயன் ஒருவன் எழுத்தைப் பார்த்து ‘பொம்பாஸ்டிக்’ என்று சொன்னால், எழுதியவன் தலைகுனிய வேண்டும். நாமோ நம் பிள்ளைகளுக்கு அதைப் பதக்கமாகக் குத்திவிடுகிறோம்.

“என்ன ஐயா, ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல். அதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?” என்று கேட்போருக்கு நம் தலைநகரிலிருந்தே ஒரு சான்று காட்டுகிறேன்.

கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் உலகின் மிக உயர்ந்த கட்டடம் என்னும் சிறப்பை 1996இல் பெற்றது. 2004இல் தைப்பே 101 முந்தும் வரை அச்சிறப்பு நம்மிடமே இருந்தது. ஆனால் 1996 வரை முதலிடத்தில் இருந்த சிகாகோவின் சியர்ஸ் டவருக்கு 110 மாடிகள். நம் கோபுரங்களுக்கு 88 மாடிகளே. சியர்ஸின் கூரை 442 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன்மேல் நிற்கும் அலைவாங்கிகளையும் சேர்த்தால் நம் 452 மீட்டரை அது எளிதாகத் தாண்டிவிடும். பிறகு எப்படி நாம் வென்றோம்? ஒரு சொல்லால் வென்றோம்! நம் கோபுரங்களின் உச்சியில் இருப்பது ‘ஸ்பையர்’. கட்டடக் கலைஞர் சீசர் பெல்லி வகுத்த வடிவத்தின் பிரிக்க இயலாத உறுப்பு. சியர்ஸின் உச்சியில் இருந்தது ‘ஆண்டெனா’. பின்னர்ப் பொருத்தப்பட்ட கருவி, வேண்டும்போது கழற்றி மாற்றத்தக்கது. உயர்ந்த கட்டடங்களைத் தரவரிசைப்படுத்தும் அனைத்துலக மன்றம் முன்னதைக் கணக்கில் சேர்த்தது, பின்னதைச் சேர்க்கவில்லை. சிகாகோ நகரத்தார் கொதித்தனர். ஆயினும் தீர்ப்பு மாறவில்லை. இரண்டும் உச்சியில் நீண்டு கூர்ந்து நிற்பவை. நம் பயிற்சி நூலாசிரியரிடம் கொடுத்தால் ஒரே கட்டத்தில் அடைத்திருப்பார்!

இன்னும் கேளுங்கள். அதே மன்றத்தின் அளவுகோலின்படி, ஒன்று ‘பில்டிங்’ எனப்படவேண்டுமானால் அதன் உயரத்தில் பாதிக்குக் குறையாத பகுதி மக்கள் புழங்கும் மாடிகளாக இருக்கவேண்டும். ஆகவே 421 மீட்டர் உயரமுள்ள நம் கே.எல். டவர், கட்டட வரிசையில் இடம்பெறாது. அது வெறும் ‘டவர்’. பெயரிலேயே ‘டவர்ஸ்’ என்றிருக்கும் பெட்ரோனாஸோ ‘பில்டிங்’. 2024இல் திறப்பு விழாக் கண்ட மெர்டேக்கா 118இன் 678.9 மீட்டரிலும் ஒரு நெடிய ‘ஸ்பையர்’ அடங்கியிருக்கிறது. ஆண்டு ஐந்து மாணவனுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். கண்கள் விரியும். பிறகு வாழ்நாளில் அவன் அச்சொற்களைக் குழப்பமாட்டான். பட்டியலால் இது ஆகுமா?

ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு படம் இருக்கிறது. அதைக் காட்டுவதற்குத்தான் ஆசிரியர் இருக்கிறார். ‘ஸ்பையர்’ என்பது பழைய ஆங்கிலத்தில் புல்லின் தண்டு, முளை. கூர்ந்து மேலெழும் முளையின் வடிவம் கண்ணில் பட்டதும் சொல் விளங்கிவிடுகிறது. ‘டவர்’ இலத்தீனின் ‘டுர்ரிஸ்’ வழி வந்தது. அதன் குட்டிதான் மாளிகை மூலைகளில் ஒட்டி நிற்கும் ‘டரட்’. பள்ளிவாசலின் ‘மினாரெட்’டும் மலாய்மொழியின் ‘மெனாரா’வும் விளக்கு நிற்குமிடத்தைக் குறித்த ஓர் அரபுச் சொல்லின் பிள்ளைகள். ‘ஸ்கைஸ்கிரேப்பர்’ இருக்கிறதே, அது கட்டடங்களுக்கு வருமுன் பாய்மரக் கப்பலின் உச்சியில் கட்டிய சிறு பாய்க்குப் பெயராக இருந்தது. நெட்டைக் குதிரைக்கும் வழங்கியது. சிகாகோவில் 1885இல் 10 மாடிகளோடு எழுந்த ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்தையும் அதன் தம்பிகளையும் கண்டு வியந்தவர்கள் அப்பெயரைத் தரைக்கு இறக்கினார்கள். பத்து மாடிக்கு அத்தனை வியப்பு! இன்று நம் மலிவுவிலை அடுக்குமாடிகள் பல அதைவிட உயரம்.

வானளாவும் கட்டடத்துக்கு வழங்கும் பெயர்களையே ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் அது வானைச் சுரண்டுகிறது. மலாயில் ‘பென்சாக்கார் லாஙிட்’, வானைப் பிறாண்டுகிறது. தமிழிலோ ‘வானளாவி’. அளாவுதல் என்றால் கலத்தல். சுரண்டாமல், பிறாண்டாமல், வானோடு கலந்து நிற்கிறது! இம்மூன்றையும் ஒருசேரப் பார்த்து மகிழும் வாய்ப்பு உலகில் எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கிறது? மும்மொழி கற்கும் நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு இருக்கிறது. ஆனால் யாரும் காட்டுவதில்லை.

தமிழிலும் இக்கேடு இல்லாமலில்லை. உயர்ந்த எதையும் ‘கோபுரம்’ என்று சொல்லிவிடுகிறோம். கோபுரம் என்பது கோயில் வாயிலின்மேல் எழுவது. கருவறைக்கு மேல் எழுவது விமானம். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் எழுப்பிய மிக உயர்ந்த அமைப்பு விமானமே. நம்மில் பலர் அதையும் கோபுரம் என்கிறோம். இரட்டைக் ‘கோபுரம்’ என்பது வழக்கில் ஊன்றிவிட்டது, அதோடு சண்டையிடப் போவதில்லை. ஆனால் வேறுபாடு உண்டென்பதைப் பிள்ளை அறியவேண்டாமா?

சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுப்பது தவறென்று நான் சொல்வதாக யாரும் எண்ணவேண்டா. அதில் நாம் மூத்தவர்கள். மருத்துவரான ரோஜெட் தம் புகழ்பெற்ற ஆங்கிலச் சொற்களஞ்சியத்தை 1852இல் வெளியிட்டார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே திவாகரமும் பிங்கலமும் தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று சொற்களைத் தொகுதி தொகுதியாக வகுத்துவிட்டன. ஆனால் நிகண்டு கற்றவன் இலக்கியமும் கற்றான். எந்தச் சொல் எவ்விடத்தில் வாழ்கிறது என்று பாட்டிலே கண்டான். ரோஜெட்டின் நூலும், சொல் தெரிந்தவன் நினைவுக்கு வராத ஒன்றைத் தேடிப் பிடிப்பதற்கே உதவும். சொல் தெரியாத பத்து வயதுப் பிள்ளையிடம் அதன் சுருக்கத்தைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடு என்பது கற்பித்தலா?

இனி, உயர்தலைக் குறிக்கும் வினைகளுக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் மிகுதியாகத் தடுக்கி விழும் இடம் இதுவே. ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ இரண்டையும் குழப்பாத மாணவன் அரியன். விலை உயர்ந்தது என்பதற்கு ‘ரெய்ஸ்ட்’ என்றெழுதிப் புள்ளியை இழப்பவர்கள் இடைநிலைப்பள்ளியிலும் இருக்கிறார்கள். ஆங்கிலத்திலேயே விளக்கப் புகுந்தால், செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்று நீண்ட வகுப்பெடுக்க வேண்டும். தமிழ்ப்பள்ளி மாணவனுக்கோ இரண்டே சொல் போதும்: எழு, எழுப்பு. ஞாயிறு எழுகிறது, ‘ரைஸ்’. சுவர் எழுப்புகிறார்கள், ‘ரெய்ஸ்’. உயர், உயர்த்து. ஏறு, ஏற்று. தன்வினை, பிறவினை என்று நாம் முன்பே கற்பித்துவிட்ட பாடம்தானே இது! மலாய்மொழியிலும் ‘நாயேக்’ தானே ஏறுவது, ‘மெனாயேக்கான்’ ஏற்றுவது. எழுவது ‘பாஙுன்’, எழுப்பப்பட்ட கட்டடம் ‘பாஙுனான்’. மூன்று மொழிகளும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கக் காத்திருக்கின்றன.

‘ரைஸ்’, ‘மவுண்ட்’, ‘அசெண்ட்’ மூன்றும் ஒன்றென்று பட்டியல் சொல்கிறது. முதலாவது ஆங்கிலத்தின் சொந்தச் சொல். இரண்டாவது, 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு வழியாக வந்தது. மூன்றாவது இலத்தீன் வழி வந்த கற்றோர் சொல். ஆகவேதான் முதலாவது வீட்டிலும், இரண்டாவது குதிரைமீதும், மூன்றாவது அரியணைமீதும் பொருந்துகின்றன. சோறு, சாதம், அன்னம், அமுது என்று நமக்கும் படிநிலைகள் உண்டல்லவா? பசியோடு வந்த பிள்ளை, “அம்மா, அமுது படையுங்கள்” என்று கேட்குமா? சொல்லின் தகுதி இடத்தைப் பொறுத்தது என்பதைத் தன் வீட்டு மொழியில் அறிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்திலும் அது விளங்கும்.

‘சோர்’ என்னும் சொல் காற்றில் ஏறி வட்டமிடும் பருந்தினுடையது. தமிழெழுத்தில் எழுதினால் நம்முடைய சோர்ந்து விழும் ‘சோர்’ ஆகிவிடுகிறது; பொருளோ நேர்மாறு! இதைச் சொன்னால் வகுப்பே சிரிக்கும், ஒருவரும் மறக்கமாட்டார். ‘எஸ்கலேட்’ கதையும் அப்படித்தான். 1900ஆம் ஆண்டுப் பாரிசு கண்காட்சியில் ஓடிக்காட்டிய நகரும் படிக்கட்டுக்கு ‘எஸ்கலேட்டர்’ என்று வணிகப் பெயர் சூட்டினார்கள். வினைச்சொல் அதற்குப் பிறகு பெயரிலிருந்து பிறந்தது. சண்டையும் பகையும் செலவும் படிப்படியாக ஏறுவதற்கே அது பெரிதும் வழங்குகிறது. மலையேறிய பிள்ளை தான் மலைமீது ‘எஸ்கலேட்’ ஆனதாக எழுதலாமா?

இவ்வளவையும் தமிழைக் கொண்டு எளிதாக விளக்கலாம். ஆனால் விளக்கவிடுகிறார்களா? ஆங்கிலப் பாடவேளையில் தமிழ் வாயில் வரக்கூடாது, வந்தால் இருபது காசு தண்டம் என்று விதி வைத்திருக்கும் வகுப்புகள் உண்டெனப் பெற்றோர்கள் சொல்லக் கேட்கிறேன். பாட முழுவதும் தமிழில் நடக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலப் பாடத்தில் ஆங்கிலமே ஒலிக்கவேண்டும். ஆனால் பத்து நிமிடம் கையையும் காலையும் ஆட்டி விளக்கியும் புரியாத வேறுபாட்டை, ‘எழு - எழுப்பு’ என்ற ஒரே இணையால் தீர்க்கலாம் என்றால் அதைத் தடுப்பது யாருக்கு நன்மை? பிள்ளையிடம் உள்ள ஏணியைப் பிடுங்கிக்கொண்டு ஏறச் சொல்வதன்றோ இது?

இதன் வேர் அச்சம். தமிழ்ப்பள்ளியில் படித்தால் ஆங்கிலம் வாராது என்னும் அச்சம். 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றியபோதும் அதைக் கண்டோம். 2009இல் அத்திட்டத்தைக் கைவிட முடிவெடுத்தபோதும் கண்டோம். 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோது தமிழ்ப்பள்ளிகளுக்குள்ளேயே நடந்த சச்சரவிலும் கண்டோம். பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியிலிருந்து மாற்றும் பெற்றோரின் முதற்காரணமும் பெரும்பாலும் இதுவே. அவ்வச்சத்துக்கு மருந்தாக நாம் நீட்டுவது பஞ்சு மூட்டை என்றால், நோய் எப்படித் தீரும்? பெரிய பெரிய சொற்களை ஒப்பிக்கும் பிள்ளையைப் பார்த்துப் பெற்றோர் சில ஆண்டுகள் மகிழலாம். படிவம் ஒன்றில் அப்பிள்ளையின் கட்டுரையைப் படிக்கும் ஆசிரியர், தமிழ்ப்பள்ளி மாணவருக்குச் சொல் தெரியும், மொழி தெரியாது என்று முடிவு கட்டிவிடுவார். அப்பெயரை நீக்குவது எளிதன்று.

“தேர்வில் புள்ளி வேண்டுமே!” என்று பெற்றோர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. யு.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்டது. எஸ்.பி.எம். ஆங்கிலக் கட்டுரைகள் அவ்வாண்டு முதல் உள்ளடக்கம், கருத்தை வாசகரிடம் சேர்க்கும் திறன், ஒழுங்கமைவு, மொழி என நான்கு கூறுகளால் மதிப்பிடப்படுகின்றன. மொழி என்னும் கூறு நான்கில் ஒன்று. அதிலும் சொல் பொருந்தி வரவேண்டும். இடம் தவறிய ‘எடிஃபிஸ்’, மொழிக்கான புள்ளியையும் குறைக்கும், கருத்துச் சேர்வதற்கான புள்ளியையும் குறைக்கும். புள்ளிக்காகவே என்றாலும் பட்டியல் இழப்பு வணிகம்தான்.

நம் பிள்ளைகளுள் பலர் லயத்து வீடுகளிலிருந்து பெயர்ந்து வந்த குடும்பங்களின் மூன்றாம் தலைமுறையினர். ஐந்து மாடிக் குடியிருப்பில் வளர்கிறார்கள். மின்தூக்கி கிடையாது. பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பா நான்காம் மாடிக்கு ஏறுவதைத் தினம் தினம் பார்க்கிறார்கள். அதை எழுதச் சொன்னால் ‘கிளைம்ப்’ என்ற ஓரசைச் சொல் போதும். கையும் காலும் மூச்சும் அதற்குள் இருக்கின்றன. பயிற்சி நூல் அதை அடித்துவிட்டு ‘அசெண்ட்’ போடச் சொல்கிறது. ‘பிளாட்’டை அடித்துவிட்டு ‘டவரிங் எடிஃபிஸ்’ போடச் சொல்கிறது. அரிசி மூட்டை சுமந்த அப்பா அந்த வாக்கியத்திலிருந்து காணாமற் போய்விடுகிறார். அந்தச் சிவப்புமைக் கோட்டை இழுக்கும் கை நம்முடையது, ஆசிரியர்களே. பெற்றோர்களே, அந்நூலுக்குக் காசு கொடுக்கும் கை உங்களுடையது.